பழைய லாரியின் முன்பக்கம்: பிரித்த பிறகுதான் கணக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முன் சஸ்பென்ஷன் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 20 வருடத்துக்கு மேல் ஓடிய லாரி. முன்பக்கம் முழுவதையும் புதுப்பிக்க மொத்தம் எவ்வளவு ஆகும்?

பதில்: என்ன வண்டி, முன் ஆக்சில் எத்தனை டன், எது ஆடுகிறது, கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இதை வைத்து யார் தொகை சொன்னாலும் அது ஊகம்தான். பிரித்துப் பார்க்காமல் சொல்லும் தொகையை நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

பட்டறையில் உதிரிபாகம், கழற்றி மாட்டும் கூலி, லேத் வேலை என்று மூன்றாகப் பிரித்துக் கணக்குக் கேளுங்கள். பழைய வண்டியில் கூலியே பாகத்தின் விலையை எட்டிவிடும். முன் சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் கிங்பின் துருப்பிடித்து இறங்காமல் நின்றால் அதையும் தாண்டும். சொன்ன தொகைக்கு மேல் கால் பங்கு கையில் இருக்கட்டும். ஆக்சில் பீமின் கண் (கிங்பின் நிற்கும் துளை) தேய்ந்திருப்பது, ஸ்பிரிங் பிராக்கெட்டில் விரிசல், ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷேக்கிள் பின் அரித்துப்போனது எல்லாம் கழற்றிய பிறகுதான் கண்ணில் படும்.

கேள்வி: ஜாக்கி போட்டுத் தூக்கி ஆட்டினால் சக்கரம் ஆடுகிறது. ஹப் பேரிங்கா, கிங்பின்னா?

பதில்: சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காமல் ஆடினால் கிங்பின் அல்லது அதைச் சுற்றி நிற்கும் குழலான புஷ். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால், இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் நுனி மூட்டான டை ராடு எண்டைப் பாருங்கள். ஏர் பிரேக் வண்டி என்றால் டேங்கில் காற்று இருக்க வேண்டும். பேரிங் என்று தெரிந்ததும் புதிது வாங்க ஓடாதீர்கள். ஹப் நட்டைச் சரியாக வைத்தாலே அடங்கும் ஆட்டம் நிறைய உண்டு.

தூக்கியதும் ஸ்டாண்டு வையுங்கள், பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

கேள்வி: ஸ்பிரிங்கின் மெயின் பட்டை உடைந்துவிட்டது. வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: கூடாது. சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும், பக்கத்திலேயே மறுபடி உடையும்.

கேள்வி: எட்டு மாதம் முன்புதான் இரண்டு பக்கமும் கிங்பின் கிட் மாற்றினேன். மறுபடியும் ஆட்டம். கிட் தரமில்லை என்று நினைக்கிறேன். வேறு எந்த கிட் வாங்கலாம்?

பதில்: எனக்கு வரும் கடிதங்களில் அதிகம் வருத்துவது இதுதான். கிட்டின் பெயரைக் கேட்கிறீர்களே, புஷ்ஷுக்கு ரீமர் (துளையை அளவாகச் சீவும் கருவி) போட்டார்களா என்று பட்டறையில் கேட்டீர்களா?

புஷ்ஷை அழுத்தி ஏற்றியதும் அதன் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். கிங்பின் உள்ளே போகாது. அப்போது ரீமர் போட்டு, பின்னின் அளவுக்கு அதைக் கொண்டுவர வேண்டும். மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்பதால், ஒன்றைப் பிடிமானமாக வைத்து மற்றொன்றை வெட்டும் நீளமான ரீமர் தேவை. அது இல்லாத இடத்தில் எமரி தாளைக் குச்சியில் சுற்றி டிரில்லில் மாட்டித் தேய்க்கிறார்கள். பின் உள்ளே போய்விடும், அன்றைக்கு ஆட்டமும் இருக்காது. ஆனால் புஷ்ஷின் வாய் அகன்றும் நடு குறுகியும் நிற்பதால், பின் முழு நீளத்துக்கும் படியாமல் ஓரிரு இடத்தில்தான் தொடும். முன் ஆக்சிலின் பளு முழுவதும் அந்த இடத்திலேயே இடித்துக்கொண்டிருந்தால் எந்த கம்பெனி புஷ்ஷும் தாங்காது. தொழில் கற்ற நாளில் நானும் அப்படித் தேய்த்து மாட்டியிருக்கிறேன். அந்த வண்டி சில மாதத்தில் திரும்பி வந்தபோது, புஷ்ஷை வெளியே எடுத்து ஒருபக்கமாகத் தேய்ந்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது.

ரீமர் தேவைப்படாத புஷ்ஷும் சில கிட்டில் வருகிறது, பெட்டியிலேயே அப்படிப் போட்டிருக்கும். உங்களுடையது எது என்று பாருங்கள்.

அடுத்த முறை பிரிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். புஷ்ஷின் கிரீஸ் துளையும் நிப்பிளின் துளையும் நேராக இருக்கிறதா பாருங்கள். மாறி உட்கார்ந்தால் எவ்வளவு அடித்தாலும் கிரீஸ் உள்ளே போகாது. பீமின் கண்ணில் பின் இறுக்கமாக நிற்க வேண்டும். அங்கே ஆடினால் புது கிட் போட்டும் பயனில்லை, கண்ணைத் துளைத்து ஸ்லீவ் (உள்குழல்) போட வேண்டும். மேல் இடைவெளிக்கு ஷிம்மை (மெல்லிய தகடு) அளந்து போடச் சொல்லுங்கள். கால் மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான வண்டிக்குச் சரி, துல்லியமான அளவு உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும்.

ரீமர் வேலைக்கான கூலி மொத்த பில்லில் சின்னப் பங்கு. அதை மிச்சம் பிடித்ததற்காகத்தான் சக்கரம், ஹப், பிரேக் எல்லாவற்றையும் கழற்றும் கூலியை இரண்டாம் முறை கொடுக்கப் போகிறீர்கள்.

இன்னொன்று, கிரீஸ் அடிக்கும்போது முன் ஆக்சிலைத் தூக்கிவிட்டு அடியுங்கள். பளு இறங்கி நிற்கும்போது அடித்தால், எடையைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்குக்குச் சரியாக எட்டாது.

கேள்வி: பிக்கப் டிரக். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மில் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) போய்விட்டது, அதன் ரப்பர் புஷ்ஷும் கிழிந்திருக்கிறது. தனித்தனியாக மாற்றவா, முழு ஆர்ம் வாங்கவா?

பதில்: இரண்டும் போயிருந்தால் முழு ஆர்ம். பிரஸ்ஸில் வைத்து இறக்கி ஏற்றும் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் அதுதான் குறைவு. பால் ஜாயின்ட் மட்டும் என்றால் அதை மட்டும் மாற்றலாம். ஆர்ம் போல்ட்டுகளை வண்டி தரையில் தன் எடையில் நின்ற பிறகே முழுதாக இறுக்குங்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். காயில் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றுவதாக எழுதியவருக்கு: ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் தொடாதீர்கள். அது தெறித்தால் ஆளைக் கொல்லும்.

கேள்வி: முதலில் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்துவிட்டு, பாகங்களை அப்புறம் மாற்றலாமா?

பதில்: தேய்ந்த பாகத்தோடு வைத்த அலைன்மென்ட் நிற்காது. அது கடைசி வேலை.

கேள்வி: ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் பழைய யு போல்ட் பார்க்க நன்றாகவே இருக்கிறது. திரும்ப மாட்டலாமா?

பதில்: வேண்டாம். ஒருமுறை இறுக்கியதில் அதன் மரை இழுபட்டிருக்கும், மறுபடி அதே பிடி கிடைக்காது. யு போல்ட் தளர்ந்தால் பட்டைகள் நகர்ந்து சென்டர் போல்ட் ஒடியும், ஆக்சில் இடம் மாறும். புதிது மாட்டி, 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். டை ராடு எண்டின் ஸ்பிளிட் பின்னும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் புதிது. துளை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தாதீர்கள், இன்னும் கொஞ்சம் இறுக்கித் துளைக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: வண்டி விலையில் பாதி செலவாகும் என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வசதியில்லை. எதை முதலில் செய்வது?

பதில்: முதலில் சேஸிஸைச் சுத்தமாகக் கழுவி, ஸ்பிரிங் பிராக்கெட் அருகே விரிசலோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே அரித்துப் போயிருந்தால் சஸ்பென்ஷனில் பணம் போடாதீர்கள். சேஸிஸ் நன்றாக இருந்தால் ஸ்டீயரிங் இணைப்புகளும் கிங்பின்னும் முதலில். அவை விட்டுப்போனால் வண்டி ஓட்டுநர் கையில் இருக்காது, இதில் தள்ளிப்போடவே இடமில்லை. அடுத்தது ஸ்பிரிங், இரண்டு பக்கமும் சேர்த்து. ஷாக் அப்ஸார்பர் மூன்றாவது, அதுவும் ஜோடியாக. கிங்பின்னுக்காக ஹப்பைக் கழற்றும்போதே ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். சீலுக்காக மட்டும் இன்னொரு நாள் பிரித்தால் அதே கூலிதான்.