டிக்கெட் எடுத்த நாய்

கேள்வி: ராமேஸ்வரம் – மதுரை பாசஞ்சரில் பல நாள் பெட்டிகள் காலியாகத்தான் போகின்றன. நஷ்டத்தில் ஓடும் வண்டியை ஒருநாள் நிறுத்தத்தானே செய்வார்கள்? பஸ்தான் இருக்கிறதே!
– வாசகர் ஒருவர், உச்சிப்புளி

பதில்: காலிப் பெட்டியைப் பார்த்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வண்டிக்குள்ளேயா, அல்லது மூடிய ரயில்வே கேட்டுக்கு வெளியே பைக்கிலா? கருவாட்டுக் கூடையோடு ஏறும் அம்மாவிடம் "பஸ்தான் இருக்கிறதே" என்று சொல்லிப் பாருங்கள். கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் முகம் போகும் போக்கை அவர் உங்களுக்கு விளக்குவார்.

நம் நாட்டில் பாசஞ்சரை யாரும் "மூடுகிறோம்" என்று சொல்லி மூடுவதில்லை. "தற்காலிகமாக" என்ற ஒரு சொல் போதும். மதுரை – போடி மீட்டர் கேஜ் ரயில், குறுகிய தண்டவாளத்தை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 கடைசியில் நின்றது. தேனிக்கு வண்டி திரும்பியது 2022-இல், போடிக்கு 2023-இல். அன்று காலேஜில் சேர்ந்த பையன், கல்யாணம் முடித்துத் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து அந்த ரயிலைப் பார்த்திருப்பான்.

நம் கதையும் அதுதான். பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டி நின்றது. புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6 அன்று. 1914-இல் திறந்த பாலம், கடல் காற்றில் துருவோடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியது. புதிது வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இரண்டேகால் வருஷம் மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் பஸ்ஸில் வந்து ரயிலைப் பிடித்தவர், அப்புறம் நேராக மதுரைக்கே பஸ் ஏறப் பழகிவிட்டாரே, அவரைத் திரும்ப அழைத்து வருவது யார்?

கட்டணக் கூத்து இன்னும் வேடிக்கை. கொரோனாவுக்குப் பின் பாசஞ்சருக்கு "எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்" என்று பெயர் சூட்டினார்கள். பெட்டியும் வேகமும் பழையதுதான். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. பழையபடி இறங்கியது 2024 பிப்ரவரியில். வாலாந்தரவையில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்க 30 ரூபாய் யார் கொடுப்பார்? அப்படி ஏறாமல் போனவர்களைக் கணக்கெடுத்து "மக்கள் ஆதரவில்லை" என்பது, மாட்டைப் பட்டினி போட்டுவிட்டுப் பால் கறக்கவில்லை என்று சந்தைக்கு ஓட்டுவது போல.

இங்கிலாந்திலும் ஒரு மாட்டை இப்படி ஓட்டப் பார்த்தார்கள். செட்டில் – கார்லைல் என்ற மலைப்பாதை. வழியிலிருந்த சின்ன ஸ்டேஷன்களை 1970-லேயே மூடியாயிற்று. ரிபிள்ஹெட் பாலம் பழுது, செலவு தாங்காது என்று சொல்லி 1980-களில் பாதையையே மூட அறிவித்தார்கள். (பாலம் என்றாலே நமக்குக் காது நீளுமே!) அங்கே ஒரு நல்ல வழக்கம், மூடுவதற்கு முன் பயணிகளின் ஆட்சேபனையைக் கேட்டாக வேண்டும். 22,000-க்கும் மேல் வந்து குவிந்தன. அதில் ஒன்று ஒரு நாயின் பாதச்சுவடு. அதற்கும் டிக்கெட் வாங்கப்பட்டிருந்ததால் அதுவும் பயணி என்று ஏற்றுக்கொண்டார்கள்! இடையில் மலிவு டிக்கெட், கூடுதல் வண்டி, சின்ன ஸ்டேஷன்கள் மறுபடி திறப்பு என்று வந்ததும் கூட்டம் பல மடங்கானது. 1989-இல் மூடும் யோசனையே கைவிடப்பட்டது. பாதை இன்றும் ஓடுகிறது.

சரி, நம்மிடம் ஆட்சேபனை கேட்டு யாரும் வரப்போவதில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒருநாள் கோஷம் போடுவதைவிட, பள்ளி, காலேஜ், ஆஸ்பத்திரி நேரத்துக்கு வண்டி வேண்டும் என்று எம்.பி.யிடமும் மதுரைக் கோட்ட அலுவலகத்திலும் விடாமல் எழுதிக் கேட்பது மேல். இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. "ரெண்டு ஸ்டேஷன்தானே" என்று டிக்கெட் எடுக்காமல் ஏறி இறங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவர்கள் உட்கார்ந்து வந்த பெட்டியும் ரயில்வே கணக்கில் காலிப் பெட்டிதான். நாயே டிக்கெட்டோடு போயிருக்கிறது, உச்சிப்புளிக்காரரே!