மூன்றாவது பேட்டரியும் படுத்துவிட்டது

கேள்வி: 2010 மாடல் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. மூன்று நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது. இது மூன்றாவது பேட்டரி. இப்போது ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பாகம்) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். முதலில் அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் பார்ட்டை மாற்றிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. பழைய சொகுசுக் கார் வைத்திருப்பவர்களைக் கடனாளி ஆக்குவது இதுதான்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வந்தால் ஆல்டர்னேட்டர் மேல் பழி போட வேண்டாம். அப்புறம் கசிவு, அதாவது வண்டி நிற்கும்போதும் பேட்டரியிலிருந்து ஓடும் கரண்ட். பானெட்டையும் டிக்கியையும் திறந்து, அவற்றின் லாக்கை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, காரைப் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். உள்ளே இருக்கும் மாட்யூல்கள் (சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள்) தூங்க அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு பேட்டரி நெகட்டிவ் கேபிளில் டிசி கிளாம்ப் மீட்டர் (கேபிளைக் கவ்வியே கரண்டை அளக்கும் கருவி) மாட்டினால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை ஆம்பியர் ஓடினால்? நாளுக்கு 12 ஆம்பியர் ஹவர். 80 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் மூன்று நாளில் கிட்டத்தட்ட பாதி காலி.

எந்தப் பக்கம் கசிகிறது என்று பார்க்க ஃப்யூஸைப் பிடுங்காதீர்கள், மாட்யூல் விழித்துக்கொள்ளும். ஃப்யூஸின் தலையில் தெரியும் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். எதில் அளவு காட்டுகிறதோ அந்த லைனில் தேட வேண்டும். பிற்பாடு தனியாக மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டேஷ் கேமரா, ஏசி புளோவர் ரெசிஸ்டர் (ஏசி ஃபேனின் வேகத்தை மாற்றும் பாகம்) ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. இந்தக் காரில் பேட்டரி மாற்றினால் ஸ்கேனர் மூலம் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரியின் கணக்கிலேயே சார்ஜ் ஏற்றி, புதியதன் ஆயுளைக் குறைக்கும். செய்தார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: பவர் சீட் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. 20க்குப் பதில் 30 ஆம்பியர் போடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: கூடாது. ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும்.

கேள்வி: நண்பரின் நண்பரிடம் 2011 ஆடி ஏ6 வாங்கினேன். இரவு எட்டு மணிக்குப் பார்த்தேன், அப்போதே முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். பின் ஜன்னல், சென்ட்ரல் லாக், சன்ரூஃப் எதுவும் வேலை செய்யவில்லை. திருப்பிக் கொடுக்க முடியுமா? (வாசகர், மதுரை)

பதில்: சொந்தக் காரை விற்ற தனிநபர் வியாபாரி அல்ல, நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உதவுவது கடினம். எல்லா சுவிட்சையும் அழுத்திப் பார்க்கப் பத்து நிமிடம் போதுமே. லட்சக்கணக்கில் கொடுப்பவர் அதைக்கூடச் செய்ய மாட்டாரா? சரி, இனி ஆக வேண்டியது: முன்பக்கக் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் சன்ரூஃப் வடிகால் குழாய் அடைத்து, கீழே இருக்கும் மாட்யூலில் தண்ணீர் போயிருக்கலாம். குழாயைச் சரிசெய்யாமல் மாட்யூல் வாங்கினால் அதுவும் போகும்.

கேள்வி: 1995 மெர்சிடிஸ் இ220. இன்ஜின் வயரைத் தொட்டாலே மேலுறை உதிர்கிறது. டேப் சுற்றினால் போதுமா? (வாசகர், சேலம்)

பதில்: போதாது. 1990களின் முற்பாதியில் வந்த பல மெர்சிடிஸ் கார்களில் இந்த உறை சூட்டில் காய்ந்து பொடியாகும். வயர்கள் ஒட்டிக்கொண்டால் இன்ஜின் கம்ப்யூட்டரே போய்விடும். இன்ஜின் ஹார்னஸை (வயர் கட்டை) முழுதாக மாற்றுங்கள், அதுவரை ஓட்டாதீர்கள்.

கேள்வி: 'வெள்ளத்தில் சிக்காத வண்டி' என்று டீலரிடம் எழுதி வாங்கினேன். ஆறு மாதத்தில் டேஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. கனெக்டர்களில் பச்சை படிந்திருக்கிறது, சீட்டுக்கு அடியில் சேறு. டீலர் போனை எடுப்பதில்லை. (வாசகி, சென்னை)

பதில்: 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த வருடம் நானும் இப்படி ஒரு கார் வாங்கினேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்திருந்தால் சேற்றுக் கோடு தெரிந்திருக்கும். நான் இழுக்கவில்லை. ஒன்றரை வருடம் கராஜுக்கு அழுதுவிட்டு நஷ்டத்தில் விற்றேன். அம்மா, நீங்கள் எழுத்திலேயே கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை.

இப்போதைக்கு எதையும் ரிப்பேர் செய்ய வேண்டாம், ஆதாரம் போய்விடும். சேற்றையும் கனெக்டர்களையும் படமெடுங்கள். வேறொரு கராஜில் லெட்டர்ஹெட்டில் அறிக்கை வாங்குங்கள். பழைய கிளெய்ம் விவரத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள். டீலருக்கு நோட்டீஸ், அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே போகலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். நோட்டீஸ் எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.