காலிக் கோப்பா, பழைய கோப்பா?

நிரல் எழுதுவோர் கேள்வி - பதில்

கேள்வி: ஜாங்கோவில் (பைதான் மொழியில் இணையத் தளங்கள் கட்ட உதவும் கருவித்தொகுப்பு) வேலை செய்கிறேன். புதிய மாட்யூல், அதாவது நிரலின் தனிப் பகுதி ஒன்று, ஆரம்பிக்கும்போதெல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் காப்பி செய்து, பெயரை மாற்றி, வேண்டாததை அழித்துவிட்டுத் தொடர்கிறேன். வேகமாக முடிகிறது. எங்கள் டீம் லீட் மட்டும் "காப்பி அடிக்காதே, டெம்ப்ளேட் வைத்துக்கொள்" என்கிறார். இரண்டும் ஒன்றுதானே?
- வாசகி, திருச்சி

பதில்: ஒன்றில்லை. என் அம்மா சேலத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்தவர். துணி கொண்டுவருகிறவர்கள் கூடவே அளவு ரவிக்கை ஒன்றும் கொண்டுவருவார்கள். அதைக் கையில் வாங்கியதும் அம்மா முதலில் கேட்பது, "இது எங்கே பிடிக்குது, எங்கே தொளதொளன்னு இருக்கு?" என்பதுதான். கேட்காமல் வெட்டினால் பழைய ரவிக்கையின் குறை அப்படியே புதுத் துணிக்கு வந்துவிடும். கேட்டுத் திருத்திய அளவுகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த முறை நோட்டைப் பார்த்தே வெட்டுவார். நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பது அளவு ரவிக்கை. உங்கள் டீம் லீட் கேட்பது அந்த நோட்டு.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், லாரி வாடகை மாட்யூலைக் காப்பி செய்து கிடங்கு இருப்பு மாட்யூலை ஆரம்பித்தோம். எல்லாப் பெயர்களையும் மாற்றினோம், நிரலில் நடப்பதைப் பதிவுசெய்யும் லாகரின் பெயர் ஒன்றைத் தவிர. மேற்கோள் குறிக்குள் இருந்த வெறும் சொல் என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை. சில வாரம் கழித்துக் கிடங்குப் பக்கம் பிழை வந்தபோது, லாகில் அது லாரி வாடகையின் பெயரில் பதிவாகியிருந்தது. நான்கு பேர் இரண்டு நாள் தவறான கோப்பைத் தோண்டினோம். குற்றம் யாருடையது என்று அன்று பேச்சு வந்தது. யாருடைய கவனக்குறைவும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காப்பி செய்த கோப்பில் எதை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லிவைப்பதில்லை. டெம்ப்ளேட்டில் அந்த இடங்கள் காலியாக இருக்கும், நிரப்பாமல் நகர முடியாது.

ஜாங்கோவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மாட்யூலோடு நிறுத்தாமல் முழு பிராஜெக்டையே காப்பி செய்கிறவர்கள் சீக்ரெட் கீயையும் சேர்த்துக் காப்பி செய்கிறார்கள். செஷன், பாஸ்வேர்டை மாற்ற அனுப்பும் லிங்க் போன்றவற்றுக்குக் கையொப்பமிடுவது அந்தச் சாவிதான். இரண்டு தளங்களுக்கு ஒரே சாவி என்றால் ஒன்றில் கசிந்தது இரண்டிலும் கசிந்த மாதிரி. புது பிராஜெக்ட் தொடங்கும் ஸ்டார்ட்பிராஜெக்ட் கட்டளை ஒவ்வொரு முறையும் புதுச் சாவி உருவாக்கித் தருகிறது. 2021-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து அதன் முன்னால் "ஜாங்கோ-இன்செக்யூர்" என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது, உண்மையான பயன்பாட்டுக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள் என்று.

சரி, எப்படி ஆரம்பிப்பது? உங்களிடம் நன்றாக ஓடும் மூன்று மாட்யூல்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கும் வரிகள் டெம்ப்ளேட்டுக்குப் போகட்டும். மாறும் இடங்கள் காலியிடங்கள். புது மாட்யூல் தொடங்கும் ஜாங்கோவின் ஸ்டார்ட்ஆப் கட்டளையே மாடல்ஸ், வியூஸ், அட்மின், ஆப்ஸ், டெஸ்ட்ஸ் கோப்புகளையும் மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரையும் போட்டுத் தருகிறது. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் யுஆர்எல்ஸ் கோப்பு மட்டும் வராது, அதை நாம் ஒவ்வொரு முறையும் கையால் சேர்க்கிறோம். அதே கட்டளைக்கு "டெம்ப்ளேட்" என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதில் உங்கள் சொந்த ஃபோல்டரைக் காட்டினால் யுஆர்எல்ஸ் உட்பட எல்லாம் உங்கள் வழக்கப்படி வரும், மாட்யூலின் பெயரும் உரிய இடங்களில் தானே நிரம்பிவிடும். அரை நாள் வேலைதான்.

கேள்வி: எங்கள் அலுவலக டெம்ப்ளேட் 300 வரிக்கு மேல் போய்விட்டது. உரிம அறிவிப்பு, எழுதியவர் பெயர், மாற்ற வரலாறு, உதாரணச் செயற்கூறுகள் எல்லாம் இருக்கின்றன. யாரும் படிப்பதில்லை. எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?
- வாசகர், ஓசூர்

பதில்: யாரும் படிக்காத வரி, தவறாகிப்போனாலும் யாருக்கும் தெரியாது. ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் முகவரி இதற்கு நல்ல சான்று. அந்த அமைப்பு வெளியிட்ட ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒட்டும் அறிவிப்பில், உரிமத்தின் நகல் கிடைக்காவிட்டால் எழுதிக் கேட்க அந்த அமைப்பின் அஞ்சல் முகவரி இருக்கும். முதலில் கேம்பிரிட்ஜில் மாஸ் அவென்யூ, அப்புறம் பாஸ்டனில் டெம்பிள் பிளேஸ், 2005-இல் ஃபிராங்க்ளின் தெரு. அமைப்பு இடம் மாறியது, கோப்புகள் மாறவில்லை. ஆர்பிஎம்லிண்ட் என்ற சோதனைக் கருவியில் "முகவரி தவறு" என்று சொல்வதற்கென்றே தனி எச்சரிக்கை வைக்கும் அளவுக்குப் பழைய முகவரிகள் பரவிக் கிடந்தன. 2024-இல் ஃபிராங்க்ளின் தெரு அலுவலகத்தையும் மூடிவிட்டார்கள். லினக்ஸ் கெர்னல் குழுவினர் 2017 முதல் நீண்ட அறிவிப்புக்குப் பதிலாக, உரிமத்தின் பெயரை மட்டும் சொல்லும் ஒற்றை வரியைக் கோப்பின் தலையில் வைக்கத் தொடங்கினார்கள். நீங்களும் அதைச் செய்யலாம்.

எழுதியவர் பெயர், மாற்ற வரலாறு இரண்டையும் எடுத்துவிடுங்கள், யார் எப்போது என்ன மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கிட் அதைவிடச் சரியாகச் சொல்லும். உதாரணச் செயற்கூறுகளும் வேண்டாம். அவசரத்தில் ஒருவர் அழிக்க மறப்பார், ஓராண்டு கழித்து வருகிறவர் அது எதற்கோ தேவை என்று நினைத்துத் தொடப் பயப்படுவார்.

என் பைதான் டெம்ப்ளேட் இருபது வரிகூட இல்லை. முதல் வரி, இந்த மாட்யூல் எதற்காக என்று நிரப்ப வேண்டிய காலியிடம். அடுத்து லாகர். அதன் பெயரை மேற்கோளில் எழுதாமல், இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட "நேம்" மாறியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மாட்யூலின் உண்மையான பெயர் தானாக வந்துவிடும். கிடங்கு விஷயத்துக்குப் பிறகு இதை நான் விட்டதே இல்லை.

கடைசியாக ஒரு டெஸ்ட் கோப்பு. அதில் "இன்னும் சோதனை எழுதவில்லை" என்று சொல்லி வேண்டுமென்றே தோற்கும் ஒரே ஒரு டெஸ்ட். ரஸ்ட் மொழியில் கார்கோ கருவியால் புதிய லைப்ரரி ஆரம்பித்தால், இரண்டும் இரண்டும் நான்கு என்று சரிபார்க்கும் டெஸ்ட் ஒன்று ஜெயிக்கும்படியாகவே வரும். கருவிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்க அது நல்லதுதான். ஆனால் அலுவலகத்தில் பச்சை விளக்கைப் பார்த்ததும் மனம் அடங்கிவிடுகிறது. சிவப்பாக இருந்தால் யாராவது உண்மையான டெஸ்டை எழுதியே ஆகவேண்டும்.

கேள்வி: டெம்ப்ளேட்டைத் திருத்தினேன். அதிலிருந்து முன்பே உருவாக்கிய 14 மாட்யூல்களில் மாற்றம் வரவில்லை. என்ன தவறு செய்தேன்?
- வாசகர், மதுரை

பதில்: தவறில்லை, அது அப்படித்தான். டெம்ப்ளேட் பிறக்கும்போது ஒரு முறை கொடுப்பதோடு சரி. எல்லா இடத்திலும் சேர்ந்து மாறவேண்டிய குறியீட்டைப் பொது லைப்ரரிக்குக் கொண்டுபோங்கள், டெம்ப்ளேட்டில் அதை இம்போர்ட் செய்யும் வரி மட்டும் இருக்கட்டும். அமைப்புக் கோப்புகள் போல லைப்ரரிக்குள் அடங்காதவற்றுக்குக் காப்பியர் என்ற கருவியைப் பாருங்கள். முதலில் நீங்கள் கொடுத்த பதில்களை ஒரு கோப்பில் நினைவில் வைத்துக்கொண்டு, டெம்ப்ளேட் மாறினால் பழைய பிராஜெக்டுக்கும் அந்த மாற்றத்தைக் கொண்டுவரும். டெம்ப்ளேட்டிலிருந்து பிராஜெக்ட் உருவாக்கும் குக்கிகட்டரை ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள் என்றால், கிரஃப்ட் என்ற கருவி அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: கல்லூரி லேபில் டெம்ப்ளேட் பயன்படுத்தினால் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். உண்மையா?
- மாணவி, திருநெல்வேலி

பதில்: வேறொருவர் எழுதியதை எடுத்தால் உண்மை. முதல் சில மாட்யூல்களைக் காலிக் கோப்பிலிருந்தே எழுதுங்கள். அப்புறம் உங்கள் டெம்ப்ளேட்டை நீங்களே செய்யுங்கள். விம் எடிட்டரின் அமைப்புக் கோப்பில் ஒரே வரி போதும், புதுக் கோப்பு திறந்தவுடன் உங்கள் தொடக்க வரிகளைப் படித்துப் போட்டுவிடும். அதன் உதவிப் பக்கத்தில் "ஸ்கெலிட்டன்" என்று தேடினால் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வரியையும் வைப்பதற்கு முன் அதை அழித்து ஓட்டிப் பாருங்கள். பைதான் கோப்பின் கடைசியில் எல்லோரும் எழுதும் அந்த "மெயின்" நிபந்தனையை எடுத்துவிட்டு, அதன் கீழே இருந்த வரிகளை மட்டும் இடது ஓரத்துக்கு நகர்த்தி விட்டுவைத்து, கோப்பை வேறொன்றிலிருந்து இம்போர்ட் செய்யுங்கள். நீங்கள் கூப்பிடாமலே அவை ஓடும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த வரி ஏன் இருக்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.