9 நாளில் 6 நகரம்: அம்மாவோடு ஜெர்மனி

கேள்வி: செப்டம்பரில் 66 வயது அம்மாவுடன் ஜெர்மனி போகிறேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி கொலோன், ஹாம்பர்க், பெர்லின், ட்ரெஸ்டன், மியூனிக் எல்லாம் 9 நாளில் ரயிலில் பார்த்துவிட்டு, திரும்ப ஃபிராங்க்ஃபர்ட் வந்து விமானம் ஏற எண்ணம். ஜெர்மன் தெரியாது. சமாளிக்க முடியுமா?

பதில்: மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரிய நகரங்களில் ஆங்கிலம் போதும். உங்கள் பட்டியல்தான் எனக்குக் கவலை தருகிறது. ஹாம்பர்க்கையும் ட்ரெஸ்டனையும் விட்டுவிடுங்கள். கொலோனில் 2 இரவு, பெர்லினில் 3, மியூனிக்கில் 3. திரும்பும் விமானத்தை மியூனிக்கிலிருந்தே போட்டால் ஒரு நீண்ட ரயில் பயணம் மிச்சம்.

ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் மாதிரி ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள். 2024-இல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதனால் முடிந்தவரை மாறாமல் போகும் ரயிலாகப் பாருங்கள். மாற வேண்டியிருந்தால் நடுவில் முக்கால் மணி நேரமாவது விடுங்கள். முன்கூட்டியே வாங்கும் மலிவான ‘ஸ்பார்பிரைஸ்’ டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் வேறு ரயிலில் ஏறலாம். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு இருக்கை தானாக வராது. தனியாகக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்யுங்கள். அம்மாவை நான்கு மணி நேரம் நிற்க வைக்க முடியாது.

பெர்லின்–கொலோன் பாதையில் சில ரயில்கள் ஹம் என்ற ஊரில் இரண்டு ஒன்றாக இணையும், அல்லது ஒன்று இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும். சரியான பெட்டியில் ஏறினோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஹம்மில்தான் இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோபுரத்தோடு கூடிய பெரிய கோயில். கொலோனிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம், அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். கொலோன் தேவாலயக் கோபுரம் மட்டும் அவருக்கு வேண்டாம், 533 படி!

அப்புறம், பெர்லின், மியூனிக் மெட்ரோவில் நுழைவாயிலில் தடுப்பு இருக்காது. ஆனாலும் இயந்திரத்தில் வாங்கிய டிக்கெட்டை, ஏற்கெனவே நேரம் அச்சாகியிருக்காவிட்டால், ஏறுவதற்கு முன் அங்குள்ள சிறு பெட்டியில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால் 60 யூரோ அபராதம், சுற்றுலாப் பயணி என்று விட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பழம், ரொட்டி வாங்கி வையுங்கள். தவறினால் பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள் திறந்திருக்கும்.