நம் ஓட்டு, நம் தொகுதி: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி சிங்கப்பூரின் 2025 பொதுத்தேர்தலைப் பற்றியவை. ஆசிரியராக இருந்த காலத்தில் வாக்களிப்பு நிலையங்களில் பணி செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தோடு பதில் சொல்கிறேன்.

*ஐயா, நாங்கள் மெக்பர்சனில் பல வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். போன தேர்தலில் தனித்தொகுதி. இந்த முறை மரின் பரேட்-பிராடல் ஹைட்ஸ் குழுத்தொகுதி என்றார்கள். சரி என்று இருந்தால், வேட்புமனு நாளன்று போட்டியே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். என் மகனுக்கு இதுதான் முதல் ஓட்டாக இருந்திருக்கும். வாக்களிப்பது கட்டாயம் என்கிறார்கள், ஆனால் வாக்களிக்க வழியில்லை. இது என்ன நியாயம்?*
– வாசகி, மெக்பர்சன்

உங்கள் ஆதங்கம் நியாயமானது அம்மா. தனித்தொகுதியில் ஒருவர் நிற்பார், குழுத்தொகுதியில் பலர் ஓர் அணியாக நிற்பார்கள். ஒரே அணி மனுத் தாக்கல் செய்தால் அந்த அணியே வென்றதாக அறிவிப்பார்கள், அதுதான் சட்டம். ஏப்ரல் 23ஆம் தேதி ஆளும் மக்கள் செயல் கட்சியின் ஐந்து பேரும் அப்படித்தான் உறுப்பினர்களானார்கள். 2001இல் 84 இடங்களில் 55 இப்படிப் போட்டியின்றியே முடிந்தன. தஞ்சோங் பகார் குழுத்தொகுதி மக்கள் 1991 முதல் 2011 வரை பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடவே இல்லை, 2015இல்தான் அந்த வாய்ப்பு வந்தது. 2015லும் 2020லும் எல்லாத் தொகுதியிலும் போட்டி இருந்ததால், அந்தக் காலம் போய்விட்டது என்று பலரும் நினைத்திருந்தோம்.

எந்தத் தொகுதியில் நிற்பது என்பது கட்சிகளின் முடிவு. அதைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தின் முதல் பாதியில் இருக்கும் எல்லைப் பிரச்சினையை மாற்ற முடியும், அங்கேதான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. தொகுதிகளின் எல்லைகளை வகுக்கும் எல்லை மறுஆய்வுக் குழுவின் அறிக்கை வந்தது மார்ச் 11. வாக்களிப்பு மே 3. நடுவில் எட்டு வாரம்கூட இல்லை. 2001இல் இன்னும் மோசம்: அக்டோபர் 17இல் அறிக்கை, நவம்பர் 3இல் வாக்களிப்பு. பொங்கோல் பக்கம் புதிய வீடுகள் எழும்பும்போது எல்லைகளை மாற்றித்தான் ஆக வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அறிக்கைக்கும் தேர்தலுக்கும் இடையே இத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குழுவை அமைப்பவர் பிரதமர், உறுப்பினர்கள் மூத்த அரசாங்க அதிகாரிகள். 2024 ஆகஸ்டில் எதிர்க்கட்சியான சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது, அது தோற்றது. குறைந்தது ஆறு மாத இடைவெளி வேண்டும், ஒவ்வொரு வட்டாரத்தையும் ஏன் நகர்த்தினார்கள் என்று எழுதித் தர வேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் புளோக் யாருடைய பொறுப்புக்குப் போகிறது, அவர் முன்பு என்ன செய்தார் என்று பார்த்து முடிவெடுக்க ஒரு குடும்பத்துக்கு அவகாசம் வேண்டாமா?

*வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறதே, யாருக்குப் போட்டோம் என்று கண்டுபிடித்துவிடுவார்களா? என் அக்கா இதற்குப் பயந்தே ஒவ்வொரு முறையும் ஒரே கட்சிக்குப் போடுகிறார்.*
– வாசகர், ஈசூன்

உங்கள் அக்காவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். சீட்டுகள் புத்தகமாக வரும். கிழித்துக் கொடுத்த பிறகு ஒரு அடிக்கட்டை மிஞ்சும், ரசீதுப் புத்தகம் போல. சீட்டு எண்ணும் அடிக்கட்டை எண்ணும் ஒன்றுதான். கள்ளச் சீட்டு நுழைந்தால் பிடிப்பதற்காக அந்த எண். எண்ணும் இடத்தில் பெட்டியின் முத்திரையை வேட்பாளர்களின் முகவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் உடைப்பார்கள். சீட்டுகளை மேசையில் கொட்டி, கட்சிவாரியாகப் பிரிக்கும் கைகளை முகவர்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வேகத்தில் எண்ணைப் படித்து மனதில் வைக்க ஒருவராலும் ஆகாது. பிறகு சீட்டும் அடிக்கட்டையும் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டி வைக்கப்படும், அப்புறம் அழிக்கப்படும். இடையில் திறக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

அக்கா எந்தக் கட்சிக்கும் போடட்டும். பிடித்துப் போட வேண்டும், பயந்து போடக் கூடாது.

*எங்கள் கோப்பிக்கடையில் ஒவ்வொரு ஞாயிறும் இதே வாக்குவாதம்தான். குழுத்தொகுதியை ஒழித்தால் தமிழர்கள் நாடாளுமன்றத்துக்குப் போகவே முடியாது என்கிறார் ஒரு நண்பர். ஜெயரத்தினம் தனியாக நின்று ஜெயிக்கவில்லையா என்கிறேன் நான். யார் சொல்வது சரி?*
– வாசகர், தோ பாயோ

இரண்டு பேர் பக்கமும் உண்மை இருக்கிறது. குழுத்தொகுதி அணியில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஜெ.பி. ஜெயரத்தினம் 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்றார். 2016இல் புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் முரளி பிள்ளை 61 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார். ஆக, சீன வாக்காளர்கள் நமக்குப் போட மாட்டார்கள் என்பது பொய். ஆனால் உங்கள் நண்பரின் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கட்சிகள் நம்மை நிறுத்துமா? நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போனால், கடினமான தனித்தொகுதிக்கு யாரை அனுப்புவார்கள் என்பது தெரியாது. மலாய் சமூகத்துக்கும் இதே கவலை உண்டு. அதனால் ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அணியைச் சிறிதாக்கச் சொல்வேன். 1988இல் தொடங்கியபோது அணிக்கு மூன்று பேர். ஒருவர் சிறுபான்மையினராக இருக்க அதுவே போதும். பின்னர் ஆறு வரை போய், இப்போது நான்கு, ஐந்து என்று நிற்கிறது. 2025 தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு வைப்புத்தொகை 13,500 வெள்ளி. ஐவர் அணிக்கு 67,500. சின்னக் கட்சி இதை எங்கிருந்து திரட்டும்? அல்ஜுனிட்டிலும் செங்காங்கிலும் பாட்டாளிக் கட்சி வென்றிருக்கிறது, உண்மை. எல்லோரும் பாட்டாளிக் கட்சி இல்லையே.

இன்னொன்று. ஜூரோங் குழுத்தொகுதியின் உறுப்பினராக இருந்த தர்மன் சண்முகரத்னம், 2023இல் அதிபர் தேர்தலில் நிற்கப் பதவி விலகினார். அங்கே இடைத்தேர்தல் நடக்கவில்லை. குழுத்தொகுதியில் உறுப்பினர்கள் அனைவரும் விலகினால்தான் இடைத்தேர்தல் என்பது சட்டம். அந்தக் குழுத்தொகுதியில் அவர் கவனித்துவந்த தாமான் ஜூரோங் வட்டார மக்கள் தங்கள் சொந்த உறுப்பினர் இல்லாமல் அடுத்த தேர்தல் வரை இருந்தார்கள். மூவர் அணி, ஒருவர் போனாலும் இடைத்தேர்தல் என்று மாற்றினால், உங்கள் நண்பர் கேட்கும் பாதுகாப்பும் இருக்கும், நீங்கள் கேட்கும் போட்டியும் இருக்கும். அடுத்த ஞாயிறு இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

*வாக்களிக்கும் வயதை 18 ஆக்கலாமா?*
– மாணவி, சுவா சூ காங்

ஆக்கலாம், ஆக்க வேண்டும். 18 வயதில் தேசிய சேவைக்குக் கூப்பிடுகிறோம். ஓட்டுக்கு மட்டும் 21 வரை காத்திரு என்பதற்கு நல்ல காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை. மலேசியா 2019இல் சட்டத்தைத் திருத்தி 18க்கு வந்துவிட்டது.

*தேர்தலன்று அம்மாவின் சிகிச்சைக்காகச் சென்னையில் இருந்தேன். வாக்காளர் பதிவேட்டிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டுவிடுமா?*
– வாசகர், புக்கிட் பாஞ்சாங்

நீக்கப்படும், ஆனால் திரும்பச் சேர்க்கலாம். தேர்தல் துறையின் இணையத்தளத்தில் விண்ணப்பித்து, வெளிநாட்டில் இருந்ததைக் காரணமாக எழுதுங்கள். ஏற்கத்தக்க காரணம் இல்லாதவர்களுக்குத்தான் 50 வெள்ளி கட்டணம். தள்ளிப்போடாதீர்கள். அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் பதிவேடு மூடியிருக்கும். அம்மா சீக்கிரம் குணமாகட்டும்.