பட்டறைப் பக்கம்: கம்பியில் கோழி போல ஒரு கார்

கேள்வி: ஐயா, நான் பள்ளி ஆசிரியர். அப்பா வாங்கிய 1984 மாடல் பிரீமியர் பத்மினி பதினோரு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. இன்ஜின் ஓடுகிறது. ஆனால் டிரைவர் கால் வைக்கும் இடத்தில் குனிந்து பார்த்தால் மண் தரை தெரிகிறது. பாடியைத் திருப்பிப் போட்டு வேலை செய்தால்தான் உருப்படும் என்கிறார் டிங்கர். சுற்றும் ஸ்டாண்டு ஒன்றைக் குறைந்த செலவில் வீட்டிலேயே செய்ய முடியுமா? தம்பியிடம் வெல்டிங் மிஷின் இருக்கிறது. பக்கத்தில் 12 அடிக்கு 20 அடியில் சிமென்ட் தரை போட்ட ஷெட்டும் இருக்கிறது. (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: செய்யலாம். டிங்கர் சொன்னதும் சரிதான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வெல்டிங் வைத்தவனுக்குத்தான் தெரியும், நெருப்புப் பொறி சட்டைக் காலருக்குள் எப்படி வழி கண்டுபிடிக்கும் என்று. நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். ஆனால் பஸ்ஸை யாரும் திருப்பிப் போடுவதில்லை. அதனால் என் சொந்தப் பத்மினிக்கு ஸ்டாண்டு செய்தபோது நானும் உங்களைப் போலப் புதுசுதான். பெரிதாக இரண்டு தப்பு செய்தேன். அவற்றைச் சொல்லிவிட்டால் உங்களுக்கு இரண்டு மாதம் மிச்சம்.

கிரில் கடையில் கம்பியில் கோழி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். முன்னால் ஒரு தூண், பின்னால் ஒரு தூண். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு பைப்புக்குள் இன்னொரு பைப் சுற்றும். உள் பைப்பில் பற்ற வைத்த கைகள், பம்பர் பிராக்கெட் மாட்டும் ஓட்டைகளில் போல்ட் போட்டு வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் தப்பு ஸ்டாண்டில் இல்லை, அதற்கு முன்னால். பத்மினிக்குத் தனியாகச் சேஸிஸ் (பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அம்பாசிடரும் மாருதி 800-உம் இதே ஜாதி. வண்டியின் முதுகெலும்பு எது என்றால், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தப் பெட்டிச் சட்டம், டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்று சொல்வது. துரு முதலில் தின்பதும் அதைத்தான். நான் அவசரக்காரன். கதவுகளைக் கழற்றி, இரண்டு பக்க ரன்னிங் போர்டையும் ஒரே நாளில் அறுத்துவிட்டேன். புதுத் தகடு வைத்து முடித்து, ஆசையாகக் கதவை மாட்டினால் மூடவில்லை. மேல் மூலையில் 8 மி.மீ. இடிக்கிறது. முனைகளில் தாங்கி நிற்கிற கூடு நடுவில் தொய்ந்துவிட்டது. வைத்த வெல்டிங்கையெல்லாம் திரும்ப அறுத்து, ஜாக்கி வைத்து ஏற்றி, மூன்று வாரம் போனது.

ஆகவே, வண்டி தன் சக்கரத்தில் சமதரையில் நிற்கும்போதே, கதவுகள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று பாருங்கள். மூடினால், அதன் பிறகு கதவைக் கழற்றி, 25 மி.மீ. சதுர பைப்பை ஒவ்வொரு கதவு வாசலிலும் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்குக் குறுக்கே பற்ற வையுங்கள். உள்ளே இடது வலது தூண்களுக்கு நடுவிலும் பெருக்கல் குறி போல இரண்டு. ஒவ்வொரு வாசலின் மூலைவிட்ட அளவையும் எடுத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். நீங்கள் ஆசிரியர், சாக்பீஸுக்குப் பஞ்சமிருக்காது. ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கத்தை அறுக்க வேண்டும்.

இனி ஸ்டாண்டு. 50-க்கு 50 சதுர பைப், 3 மி.மீ. கனம். 6 மீட்டர் நீளத்தில் நான்கு வாங்கினால் போதும். மீட்டருக்குச் சுமார் 4.4 கிலோ, மொத்தம் 106 கிலோ வரும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. காயலாங்கடையில் கட்டிடம் இடித்த பைப் கிடைக்கும். நான் கிலோ 50 ரூபாய்க்கு எடுத்தேன். வாங்கும்போது சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் எடுங்கள். சொத்தென்றால் உள்ளே அரித்திருக்கிறது.

அடிச்சட்டம் ஒவ்வொரு முனைக்கும் ஆங்கில எழுத்து எச் மாதிரி. நடுவில், அடிச்சட்டத்தின் மேலிருந்து 1.1 மீட்டர் தூண், அதற்கு முட்டுக் கொடுக்க இரண்டு சாய்வுச் சட்டம். இரண்டு முனைகளையும் தரையோடு ஒரு நீளச் சட்டத்தால் இணைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தள்ளும்போது ஒரு தூண் வர, இன்னொன்று வராது.

இந்தச் சட்டத்தில்தான் என் இரண்டாவது தப்பு. பத்மினியின் அகலம் சுமார் 1.46 மீட்டர். சக்கரம் இல்லாத கூட்டின் உயரம் 1.25 என்று வைத்தால், மூலைவிட்டத்தில் பாதி கிட்டத்தட்ட 96 செ.மீ. சரி, சுழல் மையத்தை 1.10 மீட்டரில் வைத்தால் தரைக்கும் கூட்டுக்கும் நடுவே 14 செ.மீ. இருக்குமே என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரி. ஆனால் ஸ்டாண்டைத் தள்ளுவதற்காக அடியில் மாட்டிய காஸ்டர் (எந்தப் பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம்) மேலே இருக்கும் நீளச் சட்டம் தரையிலிருந்து 24 செ.மீ. உயரத்தில் ஓடுகிறது என்பதை மறந்துவிட்டேன். முதல் சுற்றிலேயே கூரையின் மழைத்தண்ணீர் விளிம்பு சட்டத்தில் மாட்டி நசுங்கியது. இரண்டு தூணையும் அறுத்து உயர்த்தினேன். நீங்கள் மையத்தைத் தரையிலிருந்து 1.30-க்குக் குறையாமல் வையுங்கள். மேலே 2.3 மீட்டர் வரை மூலை ஏறும் என்பதால், ஷெட்டில் டியூப் லைட் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

சுழலும் இடத்துக்கு 2 அங்குல பி கிளாஸ் (நடுத்தரக் கனமுள்ள) பைப்புக்குள் ஒன்றரை அங்குல பைப். நடுவே 5 மி.மீ. போல ஆட்டம் இருக்கும். லேத்தில் கொடுத்து இரண்டு புஷ் (அந்த இடைவெளியை நிரப்பும் வளையம்) கடைந்து போட்டால் வெண்ணெய் மாதிரிச் சுற்றும். பூட்டுவதற்கு 10 மி.மீ. கனத்தில் ஒரு வட்டத் தகடு, அதில் 30 டிகிரிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஓட்டை, 16 மி.மீ. முளை. முளை போடாமல் வண்டிக்குள் தலையை நீட்டக் கூடாது. இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

இரண்டு மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ரசமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். பட்டறைத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சற்றுச் சரிவாகத்தான் இருக்கும். இந்தப் பைப்பிலிருந்து அந்தப் பைப் வழியாக ஒரு நூல் இழுத்துக் கட்டிப் பாருங்கள். நூல் எங்கேயும் ஓரத்தில் உரசாமல் நடுவில் போனால் சரி. கோணலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கூட்டை நீங்களே முறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் சமநிலை. ஸ்டாண்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. கைகளை மாட்டும் தகட்டில் 25 மி.மீ.க்கு ஒன்றாக ஓட்டைகள் போட்டு வையுங்கள். கூட்டை மாட்டியதும் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மெதுவாகப் பக்கவாட்டில் 90 டிகிரி சாயுங்கள். கையைத் தளர்த்திப் பாருங்கள், விடாதீர்கள். அடித்தகடு வேகமாகக் கீழே இறங்கினால் மையம் மிக உயரத்தில் இருக்கிறது. கூட்டை ஓர் ஓட்டை மேலே ஏற்றுங்கள். கூரை கீழே இறங்கினால் மையம் தாழ்ந்திருக்கிறது, கூட்டை இறக்குங்கள். அடித்தகடு சோம்பேறித்தனமாக, தூக்கம் கலையாமல் திரும்பி வருகிற இடம் ஒன்று வரும். அங்கே போல்ட்டை முறுக்குங்கள். எனக்கு நான்காவது ஓட்டையில் வந்தது. என் பேத்தி ஒரு கையால் அந்தக் காரைச் சுற்றிவிட்டு, பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னால் யாரும் நம்பவில்லையாம்.

எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. கண்ணாடி, கதவு, சீட், இன்ஜின், கியர் பாக்ஸ், அச்சு எல்லாம். பெட்ரோல் டேங்க் மிக முக்கியம். காலி டேங்க்தானே என்று விடக் கூடாது, காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். எல்லாம் போன பிறகு கூட்டை ஆறு பேர் தூக்கிவிடலாம். இருந்தாலும் ஸ்டாண்டை 300 கிலோ கணக்கில் செய்யுங்கள்.

பம்பர் ஓட்டையைச் சுற்றியும் துரு இருந்தால் அந்த இடத்துக்கு முதலில் புதுத் தகடு வைத்துவிட்டுத்தான் தொங்கவிட வேண்டும். அழுகின கிளையில் ஊஞ்சல் கட்ட மாட்டோமே.

எனக்கு ஆன செலவு: பைப் 5,300, நான்கு காஸ்டர் 2,400, லேத் கூலியும் போல்ட்டும் 1,200, வெல்டிங் ராடு 500. மொத்தம் 9,400 ரூபாய். காஸ்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொன்றும் 200 கிலோ தாங்குவதாக, குறைந்தது இரண்டு பிரேக் உள்ளதாக வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது மாருதி 800. ஸ்டாண்டெல்லாம் வேண்டாம், பழைய டயர்மேல் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டு வேலை செய்யலாமா? (வாசகர், தாராபுரம்)

பதில்: ஒரு ஓரத்தில் மட்டும் துரு என்றால் தாராளமாக. இன்ஜினை இறக்கி, ஆயிலும் பிரேக் ஆயிலும் வடித்து, டேங்கைக் கழற்றிவிட்டு, நான்கு டயர்மேல் பழைய மெத்தை போட்டுச் சாயுங்கள். பாரம் கதவிலோ கூரையிலோ விழக் கூடாது. ரன்னிங் போர்டும் தூண்களும் தாங்க வேண்டும். சாய்த்ததும் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். ஒரு நாள் வேலைக்கு இது போதும். மாதக்கணக்கில் அப்படியே போட்டுவைத்தால் தூணில் பள்ளம் விழும்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருக்கிறேன். எனக்கும் சுற்றும் ஸ்டாண்டு தேவையா? (வாசகர், சென்னை)

பதில்: தேவையில்லை, கொடுத்து வைத்தவர். உங்கள் ஊரிலேயே செய்த அந்த வண்டிக்குச் சேஸிஸ் தனி, பாடி தனி. பாடி துண்டு துண்டாகப் போல்ட்டில் கழன்று வரும். சேஸிஸை நான்கு இரும்பு ஸ்டூல்மேல் வைத்து, இரண்டு பேர் புரட்டிப் போட்டே வேலை பார்க்கலாம். ஆனால் எந்தப் போல்ட்டுக்கு அடியில் எத்தனை வாஷர் இருந்தது என்பதை எழுதி வையுங்கள். கதவு இடைவெளியைச் சரிசெய்வது அந்த வாஷர்கள்தான்.

கேள்வி: ஸ்டாண்டுக்கு ஜி.ஐ. பைப் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: வெல்டிங் வைக்கும் இடத்தில் வேண்டாம். மேலே பூசிய துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாக வரும். மூச்சில் போனால் அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை. நுரையீரலுக்குள் போன புகையைப் பால் என்ன செய்யும்? ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், பற்ற வைக்கும் முனையில் இரண்டு அங்குலத்துக்குக் கிரைண்டரால் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுங்கள். தேய்க்கும்போதும் முகமூடி போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். தேய்க்கிற கூலியையும் சேர்த்துப் பார்த்தால் சாதாரண இரும்பு பைப்பே மலிவு.