முதலில் விரிசல், பிறகு பூச்சு: வேலூர் வட்டாரச் சாலைக் கேள்விகளுக்குப் பதில்

சத்துவாச்சாரியிலிருந்து: சார், ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு உயருது, மழைத்தண்ணி வாசலுக்கு வருது. உயராம புதுப்பிக்க முடியாதா?

முடியும். மேல்பரப்பு மட்டும் வெளுத்துப் பொடிக்கல் உதிர்கிறது என்றால் மைக்ரோ சர்ஃபேசிங் போதும்; அதாவது நீரில் கலந்த தாரையும் நுண்ஜல்லியையும் குழைத்துப் பரப்பும் மெல்லிய பூச்சு. அதன் கனம் 4 முதல் 8 மி.மீ. வரைதான், ரோலர்கூட வேண்டாம், சுமார் 2 மணி நேரத்தில் வண்டி விடலாம். அடித்தளமே கெட்டிருந்தால் பழைய தாரை மில்லிங் செய்து, அதாவது இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அடித்தளத்தையும் சரிசெய்து அதே மட்டத்துக்குப் போட வேண்டும். பழையதைச் சுரண்டியெடுத்து அதே மட்டத்துக்குப் போட வேண்டும் என்றுதான் 2021-ல் தமிழகத் தலைமைச் செயலாளர் பிறப்பித்த உத்தரவும் சொல்கிறது. வேலை தொடங்குமுன் வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். பிறகு பேச அது உதவும்.

குடியாத்தத்திலிருந்து: அடித்தளம் கெட்டதா இல்லையா என்று தோண்டாமல் தெரியுமா, ஐயா?

பெரும்பாலும் தெரியும். மழை விட்ட மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, சக்கரத் தடத்தில் மட்டும் முதலைத்தோல் போன்ற விரிசல் ஈரமாக நின்று, அதன் ஓரத்தில் வெளிர்ச்சேறு படிந்திருந்தால், வண்டி ஏறி இறங்கும்போது ஜல்லிக்கு அடியிலுள்ள மண் நீரோடு மேலே பிதுங்குகிறது. அங்கே எதைப் பூசினாலும் பணம் வீண். வெட்டி எடுத்து, ஜல்லியிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். அடுத்து, 3 மீட்டர் நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பள்ளத்தை அளந்து பாருங்கள், 10 மி.மீ. தாண்டினால் வெறும் மேல்பூச்சு போதாது. மெல்லிய விரிசல் தடத்தில் மட்டுமில்லாமல் சாலை முழுக்கப் பரவியிருந்தால் அது வெயிலில் தார் முதிர்ந்ததன் அடையாளம். காப்புப் பூச்சுக்கு ஏற்ற சாலை அதுதான்.

இன்னொன்று: ஓர மண் சாலையைவிட உயர்ந்து தண்ணீரைத் தேக்குகிறதா? முதலில் அதை வெட்டி வடிகாலுக்குச் சரிவு கொடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு எந்தப் பூச்சையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காட்பாடியிலிருந்து: விரிசலை அடைக்க எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. மழை முடிந்து, குளிரில் விரிசல் நன்றாகத் திறந்திருக்கும். சித்திரை வெயிலில் அது சுருங்கிவிடும். அடைக்கும் தார் உள்ளே போகாது. கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதி, உள்ளே காய்ந்ததும் ரப்பர் கலந்த சுடுதாரை ஊற்றுங்கள். மேலே குவிய விடாதீர்கள், டயர் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

ஆற்காட்டிலிருந்து: தார் எமல்ஷன் தெளித்து சிப்ஸ் (சிறு ஜல்லி) போட்டோம், ஒரே வாரத்தில் பாதி ஓரத்துக்குப் போய்விட்டது. ஏன்?

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. எமல்ஷன் என்பது நீரில் நுண்துளிகளாகக் கலந்த தார்; தெளித்ததும் காப்பிப் பழுப்பாக இருக்கும். கறுத்துவிட்டால் அது உடைந்துவிட்டது, அதாவது நீர் பிரிந்து தார் தனியாகிவிட்டது என்று பொருள். பழுப்பு மாறுவதற்குள் சிப்ஸ் விழ வேண்டும். நம்மூர் வெயிலில் அந்த நேரம் மிகக் குறைவு. அதனால் ஒரு லாரி சிப்ஸ் பின்னால் தயாராக நிற்காமல் தெளிக்கவே தொடங்காதீர்கள்.

இரண்டாவது, கிரஷர் தூசி. ஒரு பிடி சிப்ஸை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் கழுவாமல் போடாதீர்கள். எமல்ஷனுக்கு ஈரச் சிப்ஸ் பரவாயில்லை, தூசிதான் ஆகாது. டயர் ரோலர் ஓட்டிய பிறகும் முதல் நாள் வண்டிகளை 20, 30 கி.மீ. வேகத்துக்குள் வைத்திருங்கள்.

ஆம்பூரிலிருந்து: பூச்சு வழுக்குமா என்று அளக்க எளிய வழி உண்டா?

மணல் சோதனை. உலர்ந்த, சலித்த நுண்மணல் 50 மி.லி. எடுத்துச் சாலையில் கொட்டி, ரப்பர் ஒட்டிய வட்டத் தட்டால் கற்களுக்கு இடையிலுள்ள சிறு குழிகள் நிரம்பும்வரை சுழற்றிப் பரப்புங்கள். வட்டத்தின் விட்டம் 250 மி.மீ. வந்தால் குழி ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ.; 350 வந்தால் அரை மி.மீ.தான். வட்டம் பெரிதாகப் பெரிதாக வழுக்கும் ஆபத்தும் கூடும். சக்கரத் தடத்தில் தார் கக்கிப் பளபளக்கும் இடத்தில் கட்டாயம் செய்யுங்கள்.

வாலாஜாவிலிருந்து: செய்த பூச்சு பலன் தந்ததா என்று எப்படிச் சொல்வது?

அதே சாலையில் 100 மீட்டரை ஒன்றும் செய்யாமல் விடுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் இரண்டு பகுதியிலும் விரிசல் நீளத்தையும் குழிகளையும் எண்ணுங்கள். பூசாத பகுதி எந்த ஆண்டு மோசமாகிறதோ, அதற்குப் பிறகு பூசிய பகுதி தாங்கும் ஆண்டுகளே பூச்சின் சம்பாத்தியம். சதுர மீட்டர் செலவை அந்த ஆண்டுகளால் வகுத்தால் இரண்டு பூச்சுகளை நேராக ஒப்பிடலாம்.